புல்வெட்டி வாகடம்

பாயிரம்

மாட்டுக்கு வாகடம் உண்டு. மனிதருக்கு யாழ்ப்பாண அரசர் காலத்திலேயே செகராசசேகரம், பரராசசேகரம் என்று வைத்திய நூல்கள் எழுந்துவிட்டன. ஸ்காபரோவில் வீட்டுக்கு வீடு கராஜ் மூலையில் நின்று, மே மாதம் பிறந்ததும் சொல்லிவைத்தாற்போல் ஒரே கிழமையில் படுத்துவிடும் புல்வெட்டும் மெசினுக்கு மட்டும் தமிழில் ஒரு நோய்நூல் கிடையாது. இப்பழி இனித் தமிழுக்கு வேண்டாம் எனக் கருதி இந்நூலைச் செய்ய யாம் துணிந்தோம்.

நூல் என்றால் பாயிரம் வேண்டும். பாயிரம் என்றால் எட்டு உறுப்பும் வேண்டும். இல்லாவிட்டால் நன்னூல் படித்தவர்கள் விடமாட்டார்கள். நூற்பெயர் தலைப்பில் உளது. நுதலிய பொருள், வீட்டிலேயே செய்யக்கூடிய புல்வெட்டி வைத்தியம். வழி, சித்த வைத்தியம். அதில் கயிறும் பிளக்கும் யாம் சேர்த்தவை. எல்லை, வடக்கே மேஜர் மக்கென்சி வீதி, தெற்கே ஒன்ராறியோ வாவி, மேற்கே யங் வீதி, கிழக்கே ஏஜாக்சில் உள்ள கடைசித் தமிழ்ப் பலசரக்குக் கடை. யாப்பு, உரைநடை, ஆத்திரம் மிகுந்த இடங்களிற் குறள்வெண்பா. கேட்போர், கயிறு இழுத்துத் தோள்மூட்டு நொந்தவர். பயன், கோடையில் ஒரு சனிக்கிழமை மிஞ்சுதல். ஆக்கியோன் பெயரைச் சொல்லாது விடுகிறோம். சொன்னால் அயலட்டையில் உள்ளவர்கள் மெசினைத் தள்ளிக்கொண்டு எம் வாசலுக்கே வந்துவிடுவர்.

துணிபை முதலிலேயே சொல்லிவிடுதல் ஆய்வாளர்க்கு அழகு. புல்வெட்டிக்கு வருகின்ற நோய்களிற் பெரும்பாலானவை புல்வெட்டியின் நோய் அல்ல, உடையவரின் நோய். உடையவரின் நோய்க்குப் பெயர் சிக்கனம். இதை நிறுவுவதே இனி வேலை.

முற்றத்து இயல்

யாழ்ப்பாணத்தில் முற்றத்திற் புல் நிற்பது வீட்டுக்கு இழுக்கு. விடியற்காலையில் விளக்குமாறு போட்ட மணலில் ஈர்க்குத் தடம் கோடு கோடாய்த் தெரியவேண்டும். அதில் ஒரு பூண்டு தலைகாட்டினாற் பிடுங்கி ஆட்டுக்குப் போடவேண்டும். புல்லைப் பிடுங்குவதில் தலைமுறை தலைமுறையாகக் கைதேர்ந்த ஒரு சமூகம், கடல் கடந்து வந்து, அதே புல்லுக்கு உரம் போட்டுத் தண்ணீர் விட்டு வளர்த்து, வளர்ந்ததும் வெட்டுகிறது. வெட்டாமல் இருக்கவும் முடியாது. ரொறன்ரோ மாநகராட்சி விதிப்படி புல் 20 சென்ரிமீற்றருக்கு மேல் உயரக்கூடாது. அறிவித்தல் வந்தும் அசையாதவர் வீட்டில் மாநகராட்சியே ஆளனுப்பி வெட்டி, செலவை வீட்டு வரியில் ஏற்றிவிடும். வெட்டிய புல்லைப் பையிற் கட்டி வாசலில் வைத்தால் எடுத்துப் போகவும் மாட்டார்கள். தரையிலேயே விடுங்கள், உரமாகும் என்பது அவர்கள் கொள்கை. அஃதேல் ஆட்டுக்குப் போடலாமே எனின், ஆடு இம்மாநகரில் வளர்க்கத் தடைசெய்யப்பட்ட விலங்குகளுள் ஒன்று. எல்லா வழியையும் அடைத்துவிட்டு மெசின் ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

அம்மெசின் வந்த வரலாறு நீளமானதன்று. இங்கிலாந்தின் குளொஸ்ரர்ஷயரில் ஸ்ட்ரவுட் என்ற ஊர் கம்பளித் துணிக்குப் பேர்போனது. நெய்த துணியில் எழும்பி நிற்கும் மயிரை ஒட்ட நறுக்குவதற்கு அங்குள்ள ஆலைகளிற் சுழலும் அலகுகள் கொண்ட பொறி இருந்தது. துணிக்குச் செய்வதைப் புல்லுக்குச் செய்தால் என்ன என்று எட்வின் பியர்ட் பட்டிங் என்பவருக்குத் தோன்றியது. 1830 இல் முதற் புல்வெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். நாட்டுப்புறத்துக் கனவான்கள் இதைத் தாமே தள்ளினாற் பொழுதும் போகும், உடம்புக்கும் நல்லது என்று அந்தக் காப்புரிமைப் பத்திரத்திலேயே ஆசை காட்டியிருக்கிறார். கனவான்கள் தாமே தள்ளினார்களோ, தோட்டக்காரனைத் தள்ளவிட்டார்களோ, அது ஊகிக்கக்கூடியதே. நமக்கு வேண்டியது வேறு. பட்டிங்கின் மெசினிற் கைப்பிடி இருந்தது, அலகு இருந்தது. பெற்றோல் இல்லை, பிளக் இல்லை, இழுக்கக் கயிறும் இல்லை. ஆகவே நோயும் அதிகம் இல்லை.

பெற்றோல் மெசினை 1902 இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது இங்கிலாந்தின் றான்சம்ஸ் நிறுவனம். இன்று நாம் தள்ளுகிற, அடியிற் படுக்கையாகச் சுழலும் ஒற்றை அலகு வகையை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தவர்களில் முக்கியமானவர் சிட்னிக்காரர் மேர்வின் விக்ரர் றிச்சட்சன். 1952 இல் அவர் கட்டிய விக்ரா மெசினின் முதல் மாதிரிக்குப் பெற்றோல் தாங்கியாக அமைந்தது, பீச் பழம் அடைத்து வந்த ஒரு வெறும் பேணி. சிட்னியில் உறைபனிக் காலம் இல்லை. மெசினைப் பெற்றோலோடு ஆறு மாதம் உறங்கவைக்கும் கெடுவழக்கம் அங்கே தோன்ற நியாயமில்லை. அது கனடாவின் பங்களிப்பு.

முக்குற்ற இயல்

காற்றும் கனலும் எரிநீரும் தம்மிடம்
மாற்றா தியங்குமேல் வெட்டு.

இந்நூற்பா என்னுதலிற்றோ எனின், புல்வெட்டியின் உடற்கூறு உணர்த்துதல் நுதலிற்று. மனித உடலை வாதம், பித்தம், கபம் என மூன்றாகப் பகுத்து, வாதத்திற் காற்றையும் பித்தத்தில் தீயையும் கபத்தில் நீரையும் கண்டனர் சித்த வைத்தியர். பெற்றோல் இயந்திரத்துக்கு வேண்டியவையும் மூன்றே: வடிகட்டி வழியே வரும் காற்று, பிளக்கில் எழும் பொறி, காபரேற்றர் வழியே வரும் பெற்றோல். மூன்றும் அளவோடு சேர்ந்தால் ஓடும். ஒன்று குறைந்தாலும் மிகுந்தாலும் நிற்கும். கனடாவின் கடைகளில் விற்கும் கையேடுகளெல்லாம் இதையே படம் போட்டுச் சொல்கின்றன. வாதபித்தகபம் என்று ஒரு சொல்லிற் சொல்லத் தெரியாததால் அவை தடித்துப்போயின.

நோயறிய எண்வகைத் தேர்வு உண்டு: நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். மெசினுக்கு நாவும் விழியும் இல்லை. பரிசம் தொட்டுப் பார்த்தல். ஓடி முடிந்த மெசினின் புகைக்குழாயில் இத்தேர்வைச் செய்தவர் மறுமுறை செய்வதில்லை. மலம் என்பது அடியில் ஒட்டிக் காய்ந்த புல். மூத்திரம் என்பது கராஜ் தரையிற் சொட்டியிருக்கும் ஒயில். எஞ்சிய மூன்றும் சற்று விரித்துரைக்கத் தக்கவை.

நாடி கயிற்றில் உளது. கயிற்றை மெல்ல இழுத்தால் ஓரிடத்தில் ஓர் எதிர்ப்பு வரவேண்டும். அது உருளைக்குட் காற்று அமுங்குவதன் அடையாளம். எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் வால்விலோ வளையங்களிலோ கோளாறு. அது இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது, கடைக்குக் கொண்டுபோகவும். கயிறு அசையவே மறுத்தால், முதலிற் கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்கவேண்டிய கம்பியைப் பிடித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பிடிக்காவிட்டாற் பிறேக் விழுந்திருக்கும். பிடித்தும் அசையாவிட்டால் அடியில் ஈரப்புல் அடைத்திருக்கும். இழுத்த கயிறு கையைப் பின்னோக்கி வெடுக்கென்று பறித்தால் அது தனி நோய். பித்த இயலில் வரும்.

நிறம் என்பது புகை. கறுப்பெனிற் பெற்றோல் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. வெள்ளையோ நீலமோ எனின் ஒயில் எரிகிறது. ஒன்று அளவுக்கு மிஞ்சி ஊற்றியிருக்கிறீர்கள், அல்லது மெசினைப் பிழையான பக்கம் சரித்திருக்கிறீர்கள். சாதாரணத் தள்ளு மெசினுக்கு ஒயில் அரை லீற்றருக்குச் சற்று மேலே போதும். ஆட்டிறைச்சிக் கறிக்கு எண்ணெய் விடும் கைகள் இங்கே அடங்கவேண்டும்.

மொழி என்பது சத்தம். வூம், வூம் என்று ஏறி இறங்கிப் பாடினாற் பெற்றோல் போதிய அளவு போகவில்லை. காபரேற்றரின் நுண்துளை பாதி அடைபட்டிருக்கிறது. இந்த ராகத்தைக் கேட்டவுடன் பிளக் வாங்கக் கடைக்கு ஓடுபவர் பலர். அது செவிக்குற்றம்.

கப இயல்

ஆண்டு கழிந்தபெற் றோலிருக்க வேறுநோய்
வேண்டித் துழாவல் விடு.

வெண்பாவிற் பெற்றோல் வரலாமோ எனின், வரும். தளை தட்டவில்லை. வரக்கூடாத இடம் வேறு. அது அடுத்த வசந்தம்.

இந்நூற்பாவின் பொருள் விளங்க ஒரு காட்சி காண்க. மே மாதத்துச் சனிக்கிழமை. மெசின் ட்றைவ்வேக்கு வந்து, இழுக்க இழுக்கப் பேசாமல் நிற்கிறது. வீதியில் உள்ள தமிழ் ஆண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். அழைப்பு வேண்டியதில்லை. கையைப் பின்னாற் கட்டிக்கொண்டு வட்டமாக நிற்கிறார்கள்.

"சோக் போட்டனீங்களோ அண்ணை?"

"போட்டனான் தம்பி."

"பிளக் மாத்திப் பாத்தனீங்களோ?"

"போன கிழமைதான் புதுசு போட்டது."

"அப்ப காபரேற்றர் போட்டுது. முழுசா மாத்திறதுதான் வழி."

"கொம்பிறெசன் போட்டுதோ தெரியேல்லை. என்ர அண்ணற்ற மெசினும் இப்பிடித்தான் நிண்டது. கடைசியா எறிஞ்சுபோட்டு வேற வாங்கினவர்."

சைவ சித்தாந்தத்தில் அளவைகள் பல எண்ணப்பட்டாலும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்பர். ரொறன்ரோவில் நான்காவது ஒன்று உண்டு: அண்ணற்ற மெசின். மற்ற மூன்றும் சேர்ந்தாலும் அதை வெல்ல இயலாது. இவ்வாறு வாதம் நடந்துகொண்டிருக்கையில் வீட்டுக்கார அக்கா கதவைத் திறந்து, "உதுக்குள்ள கிடக்கிறது போன வருசத்துப் பெற்றோல் எல்லோ?" என்கிறார். காட்சி அளவையை அங்கே கையாண்டவர் அவர் ஒருவரே. அதற்கு அண்ணை சொல்லும் மறுமொழி இந்நூலின் உயிர்நிலை:

"அதுக்கென்ன, அரைவாசிக்கு மேல கிடக்குது."

கிடக்கிறது என்பதே நோய். பெற்றோல் வைனன்று, வைக்க வைக்கச் சுவையேற. அதில் எளிதிற் பற்றும் கூறுகள் முதலிற் பறந்துபோகும். எஞ்சியது மெல்லக் கெட்டுப் பிசினாகும். ஒன்ராறியோவில் விற்கும் சாதாரணப் பெற்றோலில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு எதனோல். அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். ஈரம் மிகுந்தால் எதனோலும் நீரும் ஒன்றாகப் பிரிந்து அடியிற் படியும். காபரேற்றர் பெற்றோலை எடுப்பதும் அடியிலிருந்துதான். சிறு இயந்திரங்களோடு வரும் கையேடுகள் பெற்றோலை ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே வைத்திருக்க வேண்டாம் என்கின்றன. நம்மவர் ஒக்டோபரில் நிறுத்தி மேயில் இழுக்கின்றனர். புதிய பெற்றோலின் மணம் மூக்கைத் துளைக்கும். பழையதை முகர்ந்தாற் பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்த புளிப்பு வாடை வரும். இத்தேர்வுக்கு மூக்கு ஒன்றே கருவி, செலவும் இல்லை. ஆயினும் வட்டமாக நின்றவர்களில் ஒருவரும் மூடியைத் திறந்து முகரவில்லை.

இச்சிக்கனத்தை நகையாடிக் கடந்துபோக யாம் ஒப்போம். அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1990களின் முதற்பாதியிற் பொருளாதாரத் தடையின் கீழ் இருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருள். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயிற் குளிர்ந்த இயந்திரம் எளிதிற் பற்றாது. ஆகவே தொடக்குவதற்கு மட்டும் சில துளி பெற்றோல், ஒரு சிறு போத்தலில் வைத்திருந்து, காபரேற்றரின் வாயில் விடப்பட்டது. அப்போத்தலைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தவர்கள் இன்று ஸ்காபரோவில் ஐம்பதும் அறுபதும் கடந்து நிற்கிறார்கள். இரண்டு லீற்றர் பெற்றோலைக் கழிவு நிலையத்திற் கொண்டுபோய்க் கொட்டு என்று அவர்களிடம் சொல்வது எளிதன்று. அதன் விலை ஒரு கோப்பியும் டோனற்றுமே என்பது அவர்களுக்கும் தெரியும். கை வராது.

இதில் வியப்பு யாதெனின், நோய்க்குக் காரணமான அதே அனுபவத்துக்குள் அதன் தேர்வுமுறையும் இருக்கிறது. வெளியிடத்தில், குளிர்ந்த மெசினில், காற்று வடிகட்டியைக் கழற்றி, காபரேற்றரின் வாயிற் புதிய பெற்றோல் ஒரு தேக்கரண்டி அளவுக்குள் விட்டு, வடிகட்டியைத் திரும்பப் பூட்டிக் கயிற்றை இழுக்க. மெசின் இரண்டு மூன்று செக்கன் உயிர்பெற்று மறுபடி நின்றால், பொறியும் காற்றும் நலம். குற்றம் பெற்றோல் வரும் வழியில். இதுவே உலகெங்கும் மெக்கானிக்குகள் செய்யும் முதற் சோதனை. அந்தச் சிறு போத்தலோடு மோட்டார் சைக்கிளை எழுப்பிய எவருக்கும் இது கைவந்த கலை. புல்வெட்டி விடயத்தில் மட்டும் நினைவுக்கு வருவதில்லை. பெற்றோல் தாராளமாகக் கிடைக்கும் நாட்டில் பெற்றோலைச் சந்தேகிக்க மனம் கேட்பதில்லை போலும்.

சிகிச்சை கூறுதும். தாங்கியில் உள்ளதை முழுதும் வடித்துவிடுக. வடித்ததைச் சாக்கடையிலும் புல்லிலும் ஊற்றற்க. மூடிய கலனில் மாநகராட்சியின் அபாயக் கழிவு நிலையத்துக்குக் கொண்டுபோகலாம், வாங்கிக்கொள்வர். புதியது ஊற்றி, பிறைமர் என்னும் ரப்பர் குமிழைக் கையேடு சொன்ன அளவுக்கு அமுக்கி இழுக்க. ஓடினால் நூலை மூடிவைத்துப் புல்லை வெட்டுக. ஓடாவிட்டாற் காபரேற்றருக்குள் பிசின் இறுகியிருக்கிறது. காபரேற்றரின் அடியில் ஒரு சிறு கிண்ணம், அதை நடுவில் ஒரு போல்ற் தாங்கும். பெற்றோல் வரும் குழாயை இடுக்கிவிட்டு அப்போல்ற்றைக் கழற்றினாற் கிண்ணம் கையில் வரும். உள்ளே தேன்நிறத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதே போன ஒக்டோபர்.

பல மெசின்களில் அந்தப் போல்ற்றின் உடலிலேயே, மயிரிழை நுழையும் அளவில், பெற்றோற் துளை இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஒளிப்புள்ளி தெரியவேண்டும். தெரியாவிட்டாற் காபரேற்றர் கிளீனர் ஸ்பிறேயைப் பீச்சி, மின்கம்பிக்குள் இருக்கும் மெல்லிய செப்பு இழை ஒன்றால் நீவிவிடுக. துரப்பணத்தைக் கையில் எடுத்தவர் வைத்தியரல்லர். துளை பெருத்தால் அதன்பின் மெசின் கறுப்புப் புகையை மட்டும் தரும். கிண்ணத்தை வைத்திருந்த ரப்பர் வளையம் தன் காடியில் இருக்கிறதா என்று பார்த்துப் பூட்டுக.

பித்த இயல்

பித்தம் பிளக்கில் உளது. பிளக்கின் தொப்பி சரியாக அமர்ந்திருக்கிறதா என்று முதலில் அமுக்கிப் பார்க்க. இது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் கழன்ற தொப்பியோடு கடைக்குப் போய்த் திரும்பிய மெசின்கள் உண்டு. பிளக்கைக் கழற்றி முனையைக் காண்க. சாம்பல் கலந்த மண்ணிறம் நலம். கறுப்புப் புகைக்கரி எனிற் பெற்றோல் மிகுதி. பெற்றோலில் நனைந்திருந்தால் நீங்கள் அளவுக்கு மேல் இழுத்திருக்கிறீர்கள். துடைத்து, சற்றுப் பொறுத்து, சோக் இல்லாமல் இழுக்க. முனைகளுக்கு இடையிலான இடைவெளி பல மெசின்களில் 0.76 மில்லிமீற்றர். புதிய பிளக் அந்த அளவில் வரும் என்று நம்பாமற் கையேட்டில் உள்ளதோடு ஒப்பிட்டுக்கொள்ளுதல் நன்று.

இனிக் கையைப் பறிக்கும் கயிறு. புற்றரையில் மறைந்து கிடந்த கல்லிலோ மரவேரிலோ அலகு மோதி மெசின் திடீரென்று நின்றதா? அதற்குப் பிறகு இழுத்தாற் கயிறு பின்வாங்குகிறதா? அங்ஙனமெனின், மேலுள்ள பாரச் சில்லை அச்சோடு பொருத்தும் சிறு உலோக ஆப்பு அறுந்திருக்கும். அதை மென்மையான உலோகத்தில் வேண்டுமென்றே செய்கிறார்கள்; அதிர்ச்சி வரும்போது விலை கூடிய அச்சு முறியாமல் விலை குறைந்த ஆப்பு அறுந்து காக்கும். ஆப்பு அறுந்தாற் பொறி எழும் நேரம் தப்பும். எல்லாம் இருந்தும் மெசின் தொடங்காது. பெற்றோலும் புதிது, பிளக்கும் புதிது, ஆயினும் மெசின் ஊமை என்றால், "போன முறை எங்கேயாவது இடிச்சனீங்களோ?" என்று கேளுங்கள். உடையவர் இல்லை என்பார். பிள்ளைகளைக் கேளுங்கள்.

பித்த இயலில் இன்னொன்று: கைப்பிடிக் கம்பியிலிருந்து வரும் கேபிள் தளர்ந்தால், கம்பியைப் பிடித்தாலும் பிறேக் முழுதும் விலகாது, பொறியும் வராது. கையை விட்டால் 3 செக்கனுக்குள் அலகு நிற்கவேண்டும் என்று அமெரிக்காவில் 1982 இல் நடைமுறைக்கு வந்த விதியின் குழந்தை இந்தக் கம்பி. தொல்லையாக இருக்கிறது என்று அதைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. இந்நூல் அவர்களுக்கு வைத்தியம் சொல்லாது.

வாத இயல்

இது சிறியது. கடுதாசி வடிகட்டியைத் தட்டித் தூசு போகாவிட்டால் மாற்றுக. பஞ்சு வடிகட்டியைச் சவர்க்காரத் தண்ணீரிற் கழுவி உலர்த்தி, சிறிது ஒயில் தடவிப் பிழிந்து போடுக. வடிகட்டி உறையைத் திறக்கும்போது உள்ளே வைக்கோலும் பஞ்சும் குவிந்திருந்தால் திகைக்கவேண்டாம். எலி குளிர்காலத்தை அங்கே கழித்திருக்கிறது. பெற்றோல் தாங்கியிற் பழம்பெற்றோல், வடிகட்டியில் எலி. கராஜில் எதுவும் வீணாகவில்லை.

வாதநோய் ஒன்று மட்டும் கபநோய்போல் வேடமிட்டு வரும். மெசின் நன்றாகத் தொடங்கும், சிறிது நேரம் ஓடும், பிறகு பசித்தாற்போல் இறங்கி நின்றுவிடும்; ஆறவிட்டு இழுத்தால் மறுபடி ஓடும். தாங்கியின் மூடியில் உள்ள காற்றுத்துளை அடைபட்டிருக்கலாம். பெற்றோல் கீழே இறங்க மேலே காற்று உட்புகவேண்டும். நின்றவுடன் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். உஸ் என்று காற்று உள்ளே போய், உடனே மெசின் தொடங்கினால், நோய் மூடி. இதற்காகக் காபரேற்றரை மாற்றியவர்களையும் யாம் அறிவோம். காபரேற்றர் மாற்றும்போது மூடியைத் திறந்து மூடியதால் மெசின் அன்றைக்கு ஓடியதும், காபரேற்றருக்கே புகழ் போனதும் வேறு கதை.

சத்திர இயல்

மெசினின் வயிற்றுப்பக்கம் கைபோகும் எந்த வேலைக்கும் முன் பிளக்கின் தொப்பியைக் கழற்றி அப்பால் ஒதுக்கி வைக்கவேண்டும். இதற்கு விலக்கு இல்லை, புறனடையும் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அலகு 21 அங்குலம். நிமிடத்துக்கு 3000 சுற்று. நுனியின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 300 கிலோமீற்றர். 401 நெடுஞ்சாலையில் ரொறன்ரோவுக்குள் அனுமதித்த வேகம் 100. மோட்டார் நின்றிருந்தாலும், அலகைக் கையாற் சுழற்றினால் மெசின் பற்றிக்கொள்ள இடமுண்டு.

சரிக்கும்போது காற்று வடிகட்டி மேல்பக்கம் நிற்கும்படி சரிக்க. மாறிச் சரித்தால் ஒயில் வடிகட்டிக்குள்ளும் உருளைக்குள்ளும் இறங்கி, அடுத்த முறை இழுத்தவுடன் வெள்ளைப் புகை வீதியை மூடும். அயலவர் ஓடிவருவர். அது சில நிமிடத்தில் எரிந்து அடங்கும். அவர்கள் சொல்லும் ஆலோசனை அவ்வளவு விரைவில் அடங்காது.

வெட்டிய புல்லின் நுனி அடுத்த நாள் பழுப்பாய்ப் பிய்ந்து தெரிந்தால் அலகு மழுங்கியிருக்கிறது, வெட்டவில்லை, கிழித்திருக்கிறது. கையுறை போட்டு, அலகு சுழலாமல் ஒரு மரத்துண்டை முட்டுக் கொடுத்து, நடுப் போல்ற்றைக் கழற்றுக. அரத்தால் ஏற்கனவே உள்ள சாய்வை ஒட்டியே தீட்டுக. சவரக்கத்திக் கூர்மை வேண்டாம், அது நிற்காது. இரு பக்கமும் ஒரே அளவு தேயவேண்டும். சுவரில் ஓர் ஆணி அடித்து, அலகின் நடுத்துளையை அதில் மாட்டித் தொங்கவிட்டால், கூடிய பாரமுள்ள பக்கம் தாழும். தாழ்ந்த பக்கத்தை இன்னும் தீட்டுக. சமநிலை தப்பிய அலகு கைப்பிடி வழியே பல்லை ஆட்டும். நாளடைவில் அச்சையும் தின்னும்.

திரும்பப் பூட்டும்போது அலகின் ஓரத்தில் மேலெழும்பிய செதில் மெசினின் வயிற்றை நோக்கி இருக்கவேண்டும். மாற்றிப் பூட்டினால் மெசின் முழங்கும், ஓடும், வியர்வை வரும், புல் மட்டும் அப்படியே நிற்கும். கடைக்காரர்கள் இதை வெளியிற் சொல்வதில்லை. வருகிறவர்களும் சொல்வதில்லை.

புல்லையும் சற்று நினைக்க. ஒரே வெட்டில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தாற் புல் வாடும், மெசின் திணறும். ஆறேழு சென்ரிமீற்றரில் நிறுத்துதல் இரண்டுக்கும் நலம். மூன்று கிழமை விட்டுப் பிறகு மொட்டையடித்தால் அடுத்த வெட்டு தள்ளிப்போகும் என்பது மேலே சொன்ன சிக்கனத்தின் இன்னொரு கிளை. ஈரப்புல்லில் மெசினை இறக்குவது அதன் தம்பி.

இனித் தடுப்பு. ஒக்டோபரிற் கடைசி வெட்டு முடிந்ததும் மெசினைத் தானாக நிற்கும்வரை ஓடவிடுக. தாங்கியும் காபரேற்றரும் வெறுமையாகட்டும். மிச்சப் பெற்றோலை வைத்தே ஆகவேண்டும் எனும் மனத்தவர், வாங்கிய அன்றே அதிற் பெற்றோல் ஸ்ரெபிலைசர் கலந்து, அது காபரேற்றர் வரை போகும்படி சில நிமிடம் மெசினை ஓட்டிவிட்டு நிறுத்துக. எல்லோரும் செய்யவேண்டியது ஒன்றுண்டு: பெற்றோற் கலனில் வாங்கிய திகதியை மார்க்கரால் எழுதுங்கள். வட்டமாக நிற்பவர்களின் வாதத்தை அரை நிமிடத்தில் முடிக்க அதைவிடச் சிறந்த கருவி கிடையாது.

புறனடை

பற்றறி மெசின் வாங்கிவிட்டோமே, இந்நூலால் எமக்குப் பயன் யாது எனின், தீட்டச் சொன்ன சத்திர இயல் மட்டும் கொள்க. அங்கே பிளக்கின் தொப்பி என்றதைப் பற்றறி என வாசிக்க. கழற்றிய பின்பே வயிற்றிற் கைவைக்க. வாதபித்தகபம் மூன்றும் அம்மெசினுக்கு இல்லை. குளிர்காலத்தில் மெசினைக் கராஜில் விடலாம். பற்றறியை வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கவேண்டும். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் லித்தியம் பற்றறியைச் சார்ஜ் பண்ணினால் அது கெட்டுவிடும்.